சிறைப்புறம்

இந்த இதழுக்கு நான் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது வேறு கட்டுரை. அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்புகளைப் பற்றியது அது. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பாட்டின் அடியில் ஒரு வரியில் எழுதிவைத்த பழக்கம் எதனால் வந்தது என்று யோசித்துக் குறிப்புகள் எடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வேறொரு வேலை குறுக்கே வந்தது. வேலை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவன் ஆறு மாதம் மாலை வேளைகளில் ஒரு ஒலிபெருக்கி செய்துகொண்டிருந்தான். ஒலிபெருக்கி என்பதும் சரியான சொல் அல்ல. அது ஒலியைப் பெருக்குவதில்லை. டார்ச் விளக்கு வெளிச்சத்தை அனுப்புவதுபோல ஒரே திசையில், எதிரே இருக்கும் ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி ஒலியை அனுப்பும் தகடு அது. அது என்ன ஆயிற்று என்று சொல்லி முடித்தால், எழுதாமல் விட்ட கட்டுரையும் இதற்குள் வந்துவிடும் என்று தோன்றுகிறது.

பெரம்பூரில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு ஒடுக்கமும் கொண்டது. கூடத்தில் அப்பாவும் டி.வி.யும். அறையில் நாங்கள். அப்பா எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்துநாலு வருஷம் சம்மட்டி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் அது விழும் சத்தத்தை நான் ஒரே ஒருமுறை, ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு போனபோது, கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்பதைவிட நெஞ்சில் வாங்கினேன் என்பது பொருந்தும். காதில் வைத்துக்கொள்ள அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தொழிற்சாலைகள் சட்டத்துக்கு வந்த ஒரு திருத்தம், இரைச்சலால் காது கெடுவதை அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. அட்டவணை அவர் நின்ற இடம்வரை வந்து சேரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு காதைப் பரிசோதித்த பெண் ஒரு படத்தைக் காட்டினாள். இடமிருந்து வலமாகப் போகும் கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரையில் ஏறக்குறைய மட்டமாக வந்து, பிறகு சரிந்து, 4,000க்கு அருகில் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தான் என்றாள். தாழ்ந்த ஒலிகள் கேட்கும், உயர்ந்தவை கேட்காது. பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன. ச், த், க், ப் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேலே இருக்கிறது. அவள் சொன்னதை நான் என் பாஷையில் எழுதிக்கொண்டேன்: அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. ஆகையால்தான், கேட்கவில்லை என்று அவர் சொல்வதில்லை. புரியவில்லை என்றுதான் சொல்வார். சத்தத்தைக் கூட்டினால் உயிர்தான் பெருக்கும். மெய் வராது.

இதோடு காதிரைச்சல் வேறு. "ட்யூப் லைட் எரியற சத்தம்டா, இருபத்துநாலு மணி நேரமும்" என்பார். சம்மட்டியை விட்டு வந்த பிறகும் சம்மட்டி அவரை விடவில்லை.

அம்மா இருந்தவரையில் டி.வி. சத்தம் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. அவள் அவருக்கு எதிரே, டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். செய்தியோ சீரியலோ காதில் விழ விழ, அவர் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்வாள். குரலை உயர்த்த மாட்டாள். உதட்டைப் பார்த்தே பாதி அவருக்குப் பிடிபடும். வந்த வாக்கியத்தை அப்படியே சொல்வதும் இல்லை. "மழை வருதாம், கடலுக்குப் போவாதீங்கன்றான்" என்று முடிப்பாள். சில சமயம் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துவிடுவாள். அவர் நாட்டு நடப்பு என்று நம்பிக்கொண்டிருந்ததில் கால்பங்கு அம்மாவின் கருத்து.

அவள் போனபிறகு டி.வி. சத்தம் மாதத்துக்கு இரண்டு புள்ளியாக ஏறியது. என் மனைவி நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் இரவு வேலை. காலை ஒன்பது மணிக்கு வந்து படுத்தால்தான் உண்டு. அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் அடியில் இரண்டு விரல் இடைவெளியோடு. அவள் முறையிடவில்லை. ஒருநாள் தூக்கத்துக்கு நடுவில் எழுந்துவந்து, "மாமா, கொஞ்சம்" என்று கையால் தணித்துக் காட்டினாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அப்பா டி.வி.யை ஊமையாக்கிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். நான் மாலையில் வரும்போது வாயசைக்கும் மனிதர்கள் திரையில், அவர்களையே பார்த்துக்கொண்டு அவர். பகல்தான் போயிற்றே, இப்போது வைத்துக்கொள்ளலாமே என்றால், "வேணாம், பழகிடுச்சு" என்பார். இது கோபமா விட்டுக்கொடுத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அமைதி வந்தது. அந்த அமைதியில் உட்கார்ந்து என்னால் படிக்க முடியவில்லை.

காதுக்கருவி வாங்கினோம். அது விசில் அடிக்கிறது, மின்விசிறியும் பாத்திரமும் சேர்ந்து மண்டையில் இடிக்கின்றன என்று டப்பாவில் போட்டுவிட்டார். கம்பியில்லாத ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். மே மாதத்தில் இரண்டு காதையும் பஞ்சால் மூடிக்கொண்டு எத்தனை நேரம் உட்கார முடியும்? "இதப் போட்டுக்கினா வாசல்ல யாராவது வந்து நின்னாக்கூடத் தெரியமாட்டேங்குது. பொணம் மாதிரி இருக்கு" என்றார்.

வங்கியிலும் இதே சங்கடம் வேறு உருவத்தில் இருந்தது. பென்ஷன் வாங்க வரும் முதியவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து அவர்கள் கணக்கில் மீதி எவ்வளவு என்று நான் கத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வரிசை முழுக்கக் கேட்கும். ஒரு மனிதரின் ஏழ்மையை மைக் வைத்து அறிவிப்பதுபோல இருக்கும். ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி உரக்கச் சொல்ல ஒரு வழி இருந்தால் எவ்வளவு கௌரவமாக இருக்கும் என்று அங்கே நின்றுகொண்டுதான் முதலில் நினைத்தேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு ரிச்சி தெருக் கடை ஒன்றில் வேலை பார்ப்பவன்.

ஒலி ஏன் பரவுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓர் அலையைத் திசைப்படுத்தவேண்டுமானால் அதை அனுப்பும் பரப்பு அலையின் நீளத்தைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கவேண்டும். ஒளியின் அலைநீளம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, ஆகவே டார்ச் விளக்கின் சின்னக் குழி போதும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை சென்னை வெயிலில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளம். 100 ஹெர்ட்ஸ் என்றால் மூன்றரை மீட்டர். மனிதக் குரலைக் கற்றையாக்க, கூடத்துச் சுவரைவிடப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். ஆகவே சாதாரண ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மூலைமுடுக்கெல்லாம் போகிறது, கதவுக்கு அடியிலும் நுழைகிறது.

மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேல் மீயொலி. 40,000 ஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை ஒரு சாண் அகலத் தகட்டிலிருந்தே நேர்க்கோட்டில் அனுப்பிவிடலாம். ஆனால் அது யாருக்கும் கேட்காதே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மிக வலுவான ஒலி காற்றில் போகும்போது, அதன் அழுத்தம் மிகுந்த பகுதி சற்று விரைவாகவும் குறைந்த பகுதி சற்று மெதுவாகவும் நகர்கிறது. இதனால் அலையின் வடிவம் கோணுகிறது. 40,000மும் 41,000மும் ஒன்றாகப் போனால், இந்தக் கோணலில் இரண்டும் கலந்து அவற்றின் வித்தியாசமான 1,000 புதிதாகப் பிறக்கிறது. அது நம் காதுக்குக் கேட்கும். தகட்டில் பேச்சு இல்லை. பேச்சு காற்றில் பிறக்கிறது. கற்றை போகும் வழி நெடுக, காற்றே ஸ்பீக்கர்.

இரண்டு சுரங்களிலிருந்து மூன்றாவது ஒன்று எழுவது பழைய செய்திதான். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலிய வயலின் கலைஞர் தார்த்தீனி இரண்டு சுரங்களைச் சேர்த்து உரக்க வாசித்தபோது அடியில் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார். ஆனால் அது பெரும்பாலும் கேட்பவனின் காதுக்குள் பிறப்பது. வெளியே, ஊடகத்திலேயே அதைப் பிறப்பிக்கலாம் என்ற கணக்கை அமெரிக்காவில் பீட்டர் வெஸ்டர்வெல்ட் 1963இல் வெளியிட்டார். முதலில் அது தண்ணீருக்கு அடியில் சோனார் வேலைக்குப் பயன்பட்டது. காற்றிலும் நடக்கிறது என்று 1975இல் காட்டினார்கள். 1983இல் ஜப்பானில் யோனெயாமாவும் அவர் தோழர்களும் ஐந்நூறுக்கு மேற்பட்ட சிறு மீயொலிக் குமிழ்களை ஒரே பலகையில் அடுக்கி இசையையும் பேச்சையும் கற்றையாக அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் பாம்பெய் அதைச் சீர்செய்து பண்டமாக்கினார். இப்போது வெளிநாட்டு மியூசியங்களில் ஒரு படத்துக்கு முன் நின்றால் அதைப் பற்றிய பேச்சு கேட்கிறது, இரண்டடி நகர்ந்தால் நின்றுவிடுகிறது.

நம் பக்கத்திலும் இதற்கு உறவினர்கள் உண்டு. சி.வி. ராமன் 1921இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் முணுமுணுப்பு மாடத்தில் நின்று, சுவரோரம் சொன்ன ரகசியம் எதிர்ச் சுவரில் கேட்பதை ஆராய்ந்தார். திரும்பி வந்து பீஜப்பூர் கோல் கும்பஸையும் ஆராய்ந்தார். பிறகு பெங்களூரில் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, மீயொலி ஊடுருவும் திரவத்தில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதற்கு 1935-36இல் விளக்கம் தந்தார். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "ராமன் எந்த ஷாப்ல இருந்தாரு?" என்று கேட்டார். கேலியா, காதில் சரியாக விழவில்லையா என்று அப்போதும் தெரியவில்லை.

பையன் கடையிலிருந்து அறுபத்துநாலு குமிழ்கள் வாங்கி வந்தான். காரைப் பின்னால் எடுக்கும்போது சுவரைக் கண்டுபிடித்துக் கீச்சிடும் கருவியில் இருக்கும் ஜாதி. உள்ளே பீங்கான் வில்லை, வெளியே சிறு வலை, பின்னால் இரண்டு கால்கள். எட்டுக்கு எட்டாகப் பலகையில் சொருகிச் சூட்டுக்கோலால் பற்றவைத்தோம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அறுபத்துநாலும் ஒரே கணத்தில் முன்னே தள்ளி ஒரே கணத்தில் பின்னே இழுக்கவேண்டும். ஒன்று காலை மாற்றிச் சொருகியிருந்தால் அது மற்றவர்களுக்கு எதிராக வேலை செய்யும். எங்கள் முதல் பலகையில் ஆறு அப்படி இருந்தன. அவன் பழைய ஆசிலாஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கிவந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து அந்த ஆறையும் பிடித்தான். முரண்பட்டவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பி நடும் இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் அருவருப்பு உண்டாயிற்று என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் எல்லாரும் ஒரே கட்டத்தில் அசைந்தால்தான் கற்றை உருவாகும் என்பது பௌதிகம். அதில் விமர்சகனுக்கு இடமில்லை.

முதல் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையன் தன் போனிலிருந்து ஏதோ சினிமாப் பாட்டை இணைத்தான். பலகைக்குப் பக்கவாட்டில் நின்ற எனக்கு ஒன்றும் இல்லை. எதிரே வந்து நின்றேன். பாட்டு என் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், காற்றில் இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல இல்லை. யாரோ என் காதோரம் வந்து மூக்கால் பாடுவதுபோல இருந்தது. தலையைச் சாய்த்தால் போயிற்று. நிமிர்த்தினால் வந்தது. எங்கள் வீட்டுப் பூனை அதற்குள் ஓடிவிட்டிருந்தது. பூனையின் காது 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். எங்களுக்கு மௌனமாக இருந்த பலகை அதற்கு அலறிக்கொண்டிருந்திருக்கிறது. காதுக்குக் கேட்காததால் ஒலி இல்லை என்று ஆகிவிடாது. மிக அருகே வெகுநேரம் காதைக் கொடுக்கவேண்டாம் என்று பையன் எச்சரித்தான். அந்த எச்சரிக்கையை யாராவது இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், வேறொரு இடத்தில், சொல்லியிருக்கவேண்டும்.

அன்று இன்னொன்றும் நடந்தது. பலகையை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனோம். எங்கள் தெரு இரண்டு ஆட்டோ ஒதுங்கிப்போகக் கஷ்டப்படும் அகலம். கற்றை ஜன்னல் வழியாகப் போய் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கிறது. திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆயாவுக்குச் சுவருக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டிருக்கிறது. எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தாளாம். நகர்ந்தால் நிற்கிறது, உட்கார்ந்தால் பாடுகிறது. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றால் அந்தப் பெண் நின்ற இடத்தில் கேட்கவில்லை. "எனக்குப் புத்தி கெட்டுடுச்சுன்னு நெனச்சேம்பா" என்று மாலையில் சொன்னபோது சிரித்தாள். கை மட்டும் கொஞ்சம் நடுங்கியது. 2007 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு தெருவில், பேய் நிகழ்ச்சி ஒன்றை விளம்பரம் செய்ய, இந்த வகைக் கருவியைப் பலகைக்கு மேல் வைத்து நடந்துபோகிறவர்கள் தலைக்குள் ஒரு பெண் கிசுகிசுப்பதுபோலச் செய்தார்களாம். படித்தபோது சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். ஆயாவின் கையைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஆனாலும் நான் அந்தப் பலகையை விடவில்லை. விடாததற்குக் காரணம் அப்பா மட்டும் அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். ஒலிபெருக்கியின்மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு பழையது. வடசென்னையில் வளர்ந்தவனுக்கு அது தெருவின் குணம். ஆடி மாசத்துக் கூழ், கட்சிக் கூட்டம், ஜெபம், மஞ்சள் நீராட்டு, சாவு எல்லாம் கூம்பு ஸ்பீக்கரில்தான் வரும். எங்கள் வீட்டுக்கு வடக்கே, மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரிலிருந்து கிளம்பிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு ஜெபக்கூடத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்தது. சாலையில் போகும் வண்டிகளின் சத்தத்தையும் எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று ஜெபக்கூடத்தார் சொன்னார்கள். அதிலும் நியாயம் இருந்திருக்கும். 2000 ஆகஸ்ட் 30இல் வந்த தீர்ப்பு, அடுத்தவர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபடவேண்டும் என்று எந்த மதத்திலும் இல்லை என்ற பொதுக் கருத்தின்மேல் நின்றது. அதே வருஷம் பிப்ரவரியில் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று கோடு கிழித்தன. கோடு காகிதத்தில் அழியாமல் இருக்கிறது.

இந்த வெறுப்பைத்தான் நான் இலக்கியத்துக்குள்ளும் கொண்டுவந்தேன். மேடைத் தமிழும் மைக் தமிழும் கவிதையைக் கெடுத்தன என்று இந்தப் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறேன். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நம்மைப் போன்ற சிறு பத்திரிகைகள் நம்பிவந்தது தணிந்த குரலை, தனி வாசகனை. கூட்டத்தை நோக்கிக் கத்தாமல் ஒருவனிடம் பேசுவது. 1953இல் எலியட் கவிதையின் மூன்று குரல்களைப் பற்றிப் பேசியபோது, தனக்குத்தானே பேசும் குரல், அவையோரிடம் பேசும் குரல், பாத்திரத்தின் குரல் என்று பிரித்தார். நாம் முதல் குரலைப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவதை அரசியல்வாதிகளுக்கு விட்டுவிட்டோம். ஆக, ஒருவனுக்கு மட்டும் கேட்கும் ஸ்பீக்கர் என்றபோது எனக்கு அது வெறும் கருவியாகப் படவில்லை. என் விமர்சனக் கொள்கைக்குச் சூட்டுக்கோல் வைத்து உருவம் கொடுப்பதாக எண்ணிக்கொண்டேன்.

பலகையைக் கூடத்துச் சுவரில், டி.வி.க்கு மேல், அப்பாவின் நாற்காலியை நோக்கிச் சாய்த்து மாட்டினோம். மனைவி இரவு வேலை முடித்துவந்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் விடுப்புப் போட்டிருந்தேன். செய்தி நேரம். பையன் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒதுங்கினான். நானும் ஒதுங்கி, எதுவும் கேட்காத இடத்தில் நின்று, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புருவம் உயர்ந்தது. கேட்கிறது என்று தெரிந்தது. பிறகு நெற்றி சுருங்கியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார், ஊசி போட்டுக்கொள்ளும்போது உட்கார்ந்திருப்பதுபோல.

"யாரோ பேசறாங்க. இன்னான்னு தெரியல" என்றார்.

அதன் காரணத்தை அன்றிரவு பையன்தான் கணக்குப் போட்டுச் சொன்னான். இப்படிக் காற்றில் பிறக்கும் ஒலி தாழ்ந்த சுரங்களில் மிகவும் பலவீனமானது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் அழுத்தம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அடுத்த ஸ்தாயிக்கு அதிலும் நாலில் ஒரு பங்கு. கேட்பவருக்குக் கிடைப்பது உயர்ந்த பகுதிதான். ஆகவேதான் பாட்டு மூக்கால் பாடுவதுபோல இருந்தது. அப்பாவின் காதில் எஞ்சியிருப்பதோ தாழ்ந்த பகுதி. எங்கள் பலகை மெய்யை மட்டும் அனுப்பியது. அவரிடம் இருந்தது உயிர் மட்டும். இரண்டும் ஒரு குறுகிய சந்தில் சந்தித்துத் தடுமாறின.

இதை இன்னும் பெரிய பலகையால், இன்னும் நல்ல கணக்கால் ஓரளவு சரிசெய்யலாம் என்று அவன் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பகலில் அப்பா சொன்ன மற்றொன்று என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் முடிந்து நான் பலகையை நிறுத்தப் போனபோது அவர் கேட்டார்:

"உனக்குக் கேட்டுதா?"

"இல்ல, நைனா. உங்களுக்கு மட்டுந்தான் கேக்கும். அதுக்குத்தானே இது."

சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் கேக்கற சத்தம் ஒண்ணு ஏற்கெனவே காதுல இருக்குதுடா. இன்னொண்ணு எதுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையும் பதில் அல்ல. ஆனால் ஆறு மாதம் நான் எதை யோசிக்கவில்லை என்பது அப்போது விளங்கியது. ஒருவருக்கு மட்டும் கேட்கும் ஒலிக்கும் காதிரைச்சலுக்கும், கேட்கிறவர் நிலையிலிருந்து பார்த்தால், என்ன வித்தியாசம்? பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்த்து "கேட்டுதா?" என்று கேட்கவும், அவன் "ஆமாம்" என்று சொல்லவும் முடிந்தால்தான் ஓர் ஒலி உலகத்தில் இருக்கிறது. எதிர்வீட்டு ஆயாவின் கை நடுங்கியது இதனால்தான். ஒலிபெருக்கியின் பாவம் அது எல்லாரையும் கேட்கவைக்கிறது என்பது. என் பலகையின் பாவம் அது சாட்சியை அகற்றிவிடுகிறது என்பது.

எழுதாமல் விட்ட கட்டுரைக்கு இங்கே வருகிறேன். அகப்பாடல்களின் அடிக்குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு நிலை உண்டு. தோழி தலைவியிடம் பேசுகிறாள். தலைவன் சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு அந்தப் பக்கத்தில், நிற்கிறான். அவள் சொல்வது தலைவிக்கு. அவன் காதில் விழவேண்டும் என்பதற்காகவே சொல்கிறாள். ஊர் பேசுகிறது, காவல் கடுமையாகிறது, இனியும் தாமதிக்காதே என்பதை அவனிடம் நேரே சொன்னால் அது கட்டளை. இவளிடம் சொல்லி அவனைக் கேட்கவைத்தால் அது வேறு. மூன்று பேர் இருக்கிறார்கள். சொல் ஒருவரை நோக்கிப் போகிறது, வேலி வழியாகக் கசிந்து இன்னொருவரை அடைகிறது. அந்தக் கசிவில்தான் பாட்டு நடக்கிறது. வேலிக்கு வெளியே நான்காவதாக நாம் நிற்கிறோம், இரண்டாயிரம் வருஷம் தள்ளி.

நான் குறிப்புகள் எடுத்தபோது இதை ஓர் உத்தியாகத்தான் பார்த்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தணிந்த குரல் வேறு, பிறருக்கு அடைக்கப்பட்ட குரல் வேறு. இரண்டையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது என் தவறு. என்னுடையது மட்டும்தானா என்று நண்பர்கள் யோசிக்கலாம். ஒரே கட்டத்தில் அசையும் அறுபத்துநாலு பேர் தங்களுக்கு எதிரே இருக்கும் ஒற்றை நாற்காலிக்கு அனுப்பிக்கொண்டிருப்பதை நாம் பல வருஷமாக அந்தரங்கம் என்று அழைத்துவந்திருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கூம்பு ஸ்பீக்கருக்கு மாற்று கற்றை அல்ல. வேலிதான். ஓட்டை உள்ள வேலி.

சின்ன வயதில் பின்னி மில் சங்கு ஊதும். 1996இல் மில் மூடப்பட்டபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அந்தச் சங்கு யாரையும் நோக்கி ஊதப்பட்டதல்ல, அந்த மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே அர்த்தம் உள்ளது. ஆனால் அப்பா அதைக் கேட்டு எண்ணூர் பஸ்ஸுக்குக் கிளம்புவார், அம்மா உலை வைப்பாள், நான் பல் தேய்ப்பேன். எங்களுக்காக ஊதாத சங்கை ஒட்டுக் கேட்டுத்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

பலகையைப் பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடைக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டுகிறானாம். சுவரில் இரண்டு ஆணித் துளைகள் இருக்கின்றன. டி.வி. இன்னும் ஊமையாகத்தான் ஓடுகிறது. மாலையில் நான் வங்கியிலிருந்து வந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்காருகிறேன். சத்தத்தை எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, விழுவதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இரவு வேலை இல்லாத நாட்களில் மனைவி சமையலறையிலிருந்து, "அத விட்டுட்டீங்களே" என்று திருத்துகிறாள். தினமும் முடிவதில்லை. நன்றாகவும் செய்வதில்லை. எனக்குச் சுருக்கிச் சொல்லிப் பழக்கம், பத்து நிமிஷச் செய்தியை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன். அவர் காத்திருந்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று கேட்கிறார். அம்மா இருந்திருந்தால் அவளுக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லியிருப்பாள்.